எல்லாரும் சரிங்கன்னு சொன்ன பத்திரம்

கிணத்துக்கடவு,
வெள்ளிக்கிழமை

கண்ணு ஷ்ரவ்யா,

அம்மா எழுதுகிறேன். அந்த ஊர்க் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு உறை போட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உங்கப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முட்டிவலி போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை, உடம்பைப் பொறுத்தமட்டில் குறை ஒன்றுமில்லை. மனசுதான் நிலைகொள்ளாமல் கிடக்கிறது. காலையில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், உங்கப்பா அதையும் நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டு எழுந்து போனார். அந்த மனுஷன் எதைத்தான் நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கிறார். போனில் பேசலாம் என்றால் அவர் பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருக்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் தோப்பைப் பற்றி. பெரியப்பாவும் உங்கப்பாவும் தென்னந்தோப்பைப் பாகம் பிரித்துக்கொள்வது என்று பொங்கலுக்கே பேசி முடித்தது உனக்குத் தெரியும். மேற்கே பெரியப்பாவுக்கு, கிழக்கே நமக்கு, கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது, ஒரு மனஸ்தாபம் இல்லை. பத்திரம் எழுதுகிறவர் நகலைத் தயார் செய்து பெரியப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்ப, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர் அதை அப்பாவுக்கும் உனக்கும் அனுப்பினார். அப்பா போனில் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் கேள்விக்குறியும் கலந்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். எழுத்தைப் பெரிதாக்கினார், குப்பைதான் பெரிதானது. யாரோ சொன்னார்கள் என்று போனுடைய பாஷையைத் தமிழுக்கு மாற்றினார், மற்றதெல்லாம் தமிழாகிவிட்டது, பத்திரம் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் என் பங்குக்கு ஒரு ஆப்பை இறக்கிவைத்தேன், தொட்டால் விளம்பரமாக வந்து குதித்தது. இதற்குள் பெரியப்பா கூப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்க, இந்த மனுஷன் கொஞ்சமும் யோசிக்காமல், சரியா இருக்குதுங்கண்ணா என்று சொல்லிவிட்டார். ஏனுங்க, ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லையே என்று நான் கேட்டால், அண்ணன் அனுப்பினதைத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது, நம்பாமல் குடைகிறான் என்று நினைத்துக்கொள்வாரே என்கிறார். மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா கண்ணு? புதன்கிழமை பதிவு என்று நாளும் குறித்தாயிற்று. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத தாளில் போய்க் கையெழுத்துப் போடுவதா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இருக்கிற பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் தேய்த்தேன், பரணை ஒழித்தேன், ஒன்றிலும் மனசு நிற்கவில்லை.

கடைசியில் அவர் போனை எடுத்துக்கொண்டு உன்னோடு படித்த ஃபஹீமாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவள் பார்த்துச் சிரித்தாள். போன் மேல் தப்பில்லைங்கம்மா, பத்திரம் எழுதுகிறவர் ஏதோ பழைய ஃபாண்டில் அடித்திருக்கிறார், அந்த ஃபாண்ட் போனில் இல்லாததால் போன் தனக்குத் தெரிந்த எழுத்தைக் காட்டுகிறது என்றாள். கம்ப்யூட்டரில் போட்டு எழுத்தை மாற்றி, பிடிஎஃப் ஆக்கிப் போனுக்கே திருப்பி அனுப்பினாள். இனிமேல் யார் எதை அனுப்பினாலும் பிடிஎஃப்பாகக் கேட்டு வாங்குங்கள் என்றாள். நீயும் அதை மனசில் வைத்துக்கொள். அங்கேயே நின்றபடி படித்தேன். எல்லை எல்லாம் சரி, கிணறு சரி. அதற்குக் கீழே, இரண்டாம் நபருக்கு ஆண் சந்ததி இல்லாதபடியால் அவர் காலத்துக்குப் பின் அவருடைய பாகம் முதல் நபரின் ஆண் வாரிசுகளைச் சேர வேண்டியது என்று இருக்கிறது. மேலிருந்து கீழே உன் பேரைத் தேடினேன். எங்கேயும் இல்லை. ஃபஹீமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கம்மா என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உட்காரவா தோன்றும். பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வீடு வந்தேன், கூடப்பிறந்தவனையே ஏமாற்றுகிறாரே என்று.

அப்பாவிடம் நீட்டினேன். படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார், நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பெரியப்பா வீட்டில் காப்பி வந்ததைக்கூட அவர் தொடவில்லை. நின்றபடியே சொன்னார்: “அண்ணா, என்ற புள்ள பேரு இல்லாத பத்திரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க.” கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெரியப்பா போனை வாங்கி வரி வரியாகப் படித்தார். அப்புறம் தலையைத் தூக்காமலே, “என்ற போன்லயும் எழுத்துத் தெரியலப்பா. நீ சரின்னு சொன்னயா, நீ படிச்சிருப்பேன்னு நானும் உட்டுட்டேன்” என்றார். எப்படி இருக்கிறது பார். அவரைப் பார்த்து இவர், இவரைப் பார்த்து அவர். உடனே பத்திரம் எழுதுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்கள் அப்பா காலத்துப் பத்திரம் மாதிரியே எழுதிவிடுங்கள் என்று பெரியப்பா சொல்லி அதையே மாதிரிக்குக் கொடுத்திருக்கிறார், ஆண் பிள்ளை இல்லாத சின்னத் தாத்தாவுக்கு அதில் எழுதியிருந்த வரியை எழுதுகிறவர் உங்கப்பாவுக்கும் போட்டுவிட்டாராம். ஷ்ரவ்யா பேரைப் போட்டு வேறே எழுதுங்கள் என்று பெரியப்பாவே சொன்னார். வழியெல்லாம் அவரைத் திட்டியதற்கு நான் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதோடு என் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. கிளம்பும்போது பெரியப்பா, பாப்பாவும் சரின்னுதான் அனுப்பியிருந்தாள் என்று உன் பதிலைக் காட்டினார். ஓகே பெரியப்பா என்று எழுதி ஒரு கும்பிடும் போட்டிருக்கிறாய். உன் போனிலும் குப்பையாக வந்து, பெரியவர் கேட்கிறாரே என்று ஓகே போட்டிருந்தால் நீ உங்கப்பா மகள்தான், வேறென்ன சொல்ல. ஆனால் உனக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் வித்தையெல்லாம் தெரியுமே. எழுத்தை மாற்றிப் படித்துவிட்டு, அந்த வரியையும் பார்த்துவிட்டு ஓகே போட்டாயா? அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் சண்டை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாயா, இல்லை இனி இந்த ஊர் எனக்கெதற்கு என்றே முடிவு செய்துவிட்டாயா? தோப்பு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், வெள்ளை ஈ விழுந்த மரங்களை வைத்துக்கொண்டு நீ அங்கிருந்து என்ன செய்வாய் என்பதும் நியாயம்தான். ஆனால் இருக்கிற பிள்ளையை இல்லாத மாதிரி எழுதின தாளுக்கு அந்தப் பிள்ளையே ஓகே சொல்லக்கூடாது கண்ணு. அப்பா உன்னிடம் இதைக் கேட்காதே என்கிறார். கேட்காதே என்று சொல்லிவிட்டு, ஷ்ரவ்யா கூப்பிட்டாளா கூப்பிட்டாளா என்று அடுப்படிக்கு வந்து வந்து நிற்கிறார். மென்று முழுங்காமல் உள்ளதைச் சொல்லிவிடு, எதுவானாலும் நாங்கள் தாங்கிக்கொள்வோம். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

முருங்கைப்பொடி அனுப்பியிருக்கிறேன், தலைக்கு எண்ணெய் வை, ஈரத்தலையோடு வெளியே போகாதே. அவிநாசியப்பர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மறந்துவிடாதே, பத்திரத்தில் உன் முழுப்பேரை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். நான் இந்தத் தாள்களைப் படம் பிடித்து அனுப்புகிற மாதிரி, நீயும் ஒரு தாளில் உன் கையாலேயே பேரை எழுதிப் படம் பிடித்து அனுப்பு. பத்திரம் எழுதுகிறவர் மற்றதெல்லாம் அடித்து முடித்துவிட்டாராம், அந்த ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டுவைத்திருக்கிறார்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா
கோமளா