பஸ்ஸில் சேகர் சொன்னது

செவ்வாய், ராத்திரி

தூக்கம் வரல. கடலூர் கோர்ட்டுல இன்னைக்கும் வாய்தாதான். லேப்ல ஆசிட் பட்டு கை வெந்துபோன பொண்ணு யுனிவர்சிட்டி மேல போட்ட கேஸ். சாட்சி சொல்ல வந்த லேப் அசிஸ்டென்ட் சேகரும் நானும் ஒரே பஸ்ல சிதம்பரம் திரும்பினோம். எனக்கு ஜன்னல் சீட்டு பிடிச்சுக் கொடுத்தார்.

பாதி வழியில மெதுவா சொன்னார்: "நீங்க நம்ம வக்கீல், அதான் சொல்றேன் மேடம். அந்த பாட்டில் ஒழுகுதுன்னு எனக்கு முந்தின நாளே தெரியும்."

அவர் வாயைத் திறக்கும்போதே தடுத்திருக்கணும். நான் யுனிவர்சிட்டிக்குத்தான் வக்கீல், அவருக்கு இல்ல. கேட்டதை ரிஜிஸ்ட்ராருக்கு எழுதியே ஆகணும். எழுதினா மொத்தப் பழியும் அவர் தலையில விழும். நானோ உம் கொட்டிக்கிட்டே முழுசாக் கேட்டேன். பதினஞ்சு வருஷ வக்கீலாம்!

குமராட்சி மினிபஸ் ஏறும்போது, "இப்பத்தான் மனசு லேசாச்சு மேடம்"னு சிரிச்சார்.

இப்போ மெசேஜ் போட்டேன்: "உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வெச்சுக்குங்க சேகர்."

உடனே பதில் வந்துடுச்சு.

"நீங்க இருக்கும்போது வேற வக்கீல் எதுக்கு மேடம்?"