பாடையைத் திருப்பாத இடம்

வியாழக்கிழமை, இரவு.

இன்று மாலை அப்பாவை எரித்துவிட்டு வந்தோம். பாதி வழியில் பாடையைத் திருப்பவில்லை.

அங்கே இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்கினால்தான் போனவருக்கு வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது என்பார்கள். நாங்கள் இறக்கும் இடம் இப்போது புது ரயில்வே ஸ்டேஷனின் கார் நிறுத்தம். ரயில் இன்னும் வரவில்லை, அதற்குள் கல் பதித்துவிட்டார்கள்.

காவலாளி ஓடி வந்தார். "இங்கல்லாம் எறக்கக் கூடாதுங்க. கேமரா இருக்கு, என் வேலை பூடும்." சித்தப்பா அவரோடு சண்டைக்குப் போனார். "எம்மா நேரம் தூக்கிக்கினு நிக்கிறது, நடங்கப்பா" என்றார்கள் தோள் கொடுத்தவர்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்ற நான் நடந்துவிட்டேன்.

ஸ்டேஷன் கட்டுவதற்கு முன், அதன் வாசலில் எது எங்கே வரும் என்று ஊரில் கூட்டம் போட்டு வரைபடம் காட்டியபோதே இதைச் சொல்ல எழுந்தேன். அப்பாதான் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "ஊருக்கு ரயிலு வருதுன்னு நல்ல சேதி பேசிக்கினு இருக்காங்க. நடுவுல பொணத்த எதுக்குடா இழுக்கிற?"

சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை. வீட்டில் இருந்த அம்மா, நான் குளித்துவிட்டு வந்ததும் கேட்டாள்.

"அப்பாவ எறக்கித் திருப்பனீங்களாடா?"

"திருப்பனோம்மா."

தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கமாகப் படுத்துக்கொண்டாள்.

இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வாசல் கதவைத் தாழ்போடத்தான் எழுந்து போனேன். போடாமல் வந்துவிட்டேன்.