அழிக்கும் தேதி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாப்பா வீடு முழுக்கத் தவழ்கிறாள்; எதையாவது கவிழ்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. நீ எப்போது வருவாய் என்று கேட்க அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, அதனால் நான் கேட்கிறேன்.

ஒரு உதவி. பாப்பாவின் அம்மா இறந்து ஐந்து மாதமாகிறது. படங்கள் நிறைய இருக்கின்றன, குரல் ஒன்றுகூட இல்லை. வீடியோ என்றாலே வாயை மூடிக்கொள்வாள், உனக்குத் தெரியும். ஆனால் அவள் வேலை பார்த்த பஸ் கம்பெனியின் உதவி எண்ணில், பயணிகளிடம் அவள் பேசியதெல்லாம் பதிவாகியிருக்குமே. அந்தக் கம்பெனிக்குத் தகவல் பாதுகாப்புச் சட்டம் பார்க்கும் வக்கீல் நீ. ஒரே ஒரு பதிவு வாங்கிக் கொடு. பாப்பா வளர்ந்து கேட்டால் நான் என்ன செய்வேன்?

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பி,

பாப்பாவுக்கு முத்தம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பதிவுகள் ஆறு மாதம்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். அவளுடைய கடைசிப் பதிவுகள் இந்த மாத முடிவில் போய்விடும். அவற்றில் அழைத்தவர்களின் குரலும் விவரங்களும் உண்டு. நான் எடுத்துத் தந்தால் அது திருட்டு. நீ என் தம்பி என்பதால் இதில் நான் தலையிடவும் கூடாது. கம்பெனியின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு நீயே விண்ணப்பம் எழுது. அது போய்ச் சேர்ந்தாலே அழிப்பதை நிறுத்திவைப்பார்கள். அவள் பேசியதை மட்டும் பிரித்துத் தரச் சொல்லிக் கேள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வீம்பு பிடிக்காதே.

அக்கா

ஏப்ரல் 6

அன்புத் தம்பி,

வெளியூர் வேலை முடிந்து இன்றுதான் அலுவலகம் வந்தேன். மேசையில் உன் உறை, உள்ளே விண்ணப்பம். யாரோ ஒரு அதிகாரியிடம் என் பெண்டாட்டியின் குரலைப் பிச்சை கேட்க மாட்டேன், உன் கையில்தான் கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். உறைமேல் ‘தனிப்பட்டது’ என்று வேறு போட்டிருக்கிறாய். அப்படிப் போட்ட உறையை இங்கே வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள். அந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான்.

உடனே கம்பெனிக்குப் போன் செய்தேன். அழிந்துவிட்டது, தம்பி. ஒன்றும் மிச்சமில்லை. உன்மேல் கோபம் வருகிறது, என்மேல் அதைவிட அதிகமாக.

சொல்லக்கூடாததுதான், சொல்கிறேன். போன வருடம் சோதனைக்காகச் சில பதிவுகளைக் கேட்டேன். ஒன்றில் அவள் இருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெரியவரிடம், “பதறாதீங்கய்யா, அடுத்த பஸ் வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்” என்றாள். சொன்னபடியே இருந்தாள். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

பாப்பா நலம்.

உறையை உனக்கு அனுப்பியது என் புத்தி. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

அவள் சொன்னதாக நீ எழுதிய அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எவ்வளவு முயன்றாலும் அது உன் குரலில்தான் கேட்கிறது. அவள் குரல் என் நினைவில் இருந்த கொஞ்சமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இனி எழுதாதே அக்கா. போனும் செய்யாதே.

தம்பி