காலியாக வந்த ரயில்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா போன இந்த மூன்று வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம். படித்துவிட்டுக் கிழி.

புதுப்பித்து மறுபடி ஓடவிட்டிருக்கும் பழைய கரி எஞ்சினைப் படமெடுக்கப் போயிருந்தேன். பாலத்தருகே பயணிகள் எல்லோரையும் இறக்கிவிட்டு, ரயிலை வளைவுக்கு அப்பால் பின்னால் கொண்டுபோனார்கள். பிறகு காலிப் பெட்டிகளோடு, புகையைக் கக்கிக்கொண்டு எங்கள் முன்னால் ஓடிவந்தது. கேமராக்காரர்களுக்காகவே இப்படிச் செய்வார்கள்.

படங்களை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது பெட்டி, கடைசி ஜன்னல். அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த படத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

உனக்கும் தெரிகிறதா?

சுருட்டை


ஜனவரி 15

தம்பிக்கு,

படத்தில் எஞ்சின் நன்றாக விழுந்திருக்கிறது. ஜன்னலில் இருப்பது புகையும் வெளிச்சமும். பஸ் புகையே அம்மாவுக்கு ஆகாது. செத்த பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டா இதில் ஏறப்போகிறாள்? கண்ணைச் சோதித்துக்கொள். இருமல் தேவலையா?

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்கா,

ரயில் கார்டிடம் விசாரித்தேன். "எல்லாரையும் இறக்கிட்டுத்தான் சார் எடுத்தோம்" என்கிறார். படத்தைப் பெரிதாக்கினேன். கோபம் வந்தால் மோவாயில் இரண்டு விரலை வைத்துக்கொள்வாளே, அப்படியே இருக்கிறாள்.

கேமராவில் கண்ணை வைத்தாலே அந்த முகம் திரும்புகிறது. ஒரு கல்யாண வேலையை வேண்டாமென்றுவிட்டேன். கேமராவையே விற்றுவிடலாமென்று இருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் பிந்தி வந்ததை அவள் மன்னிக்கவில்லை. நீ ஃபோன் செய்த நிமிடமே கிளம்பினேன், அக்கா. அவள் என்னைக் கேட்டாளா? இதை மட்டும் சொல்.

சுருட்டை


பிப்ரவரி 11

சுருட்டை,

விற்காதே. அது நான்.

அந்த ரயில் பயண விளம்பரத்தில், படமெடுக்க வருபவர்களில் உன் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கினேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பாலத்தருகே எல்லோரும் இறங்கினார்கள். எனக்குக் கால் எழவில்லை. முட்டிவலி என்று கார்டிடம் பொய் சொன்னேன். "தலையை நீட்டாதீங்கம்மா, என் வேலை போயிடும்" என்றார். அதனால்தான் உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

வளைவுக்கு அப்பால் ரயில் நின்றபோது அத்தனை பெட்டியிலும் நான் ஒருத்திதான். திரும்பி வருகையில் ஜல்லியில் நீ மண்டியிட்டிருந்தாய். அந்தச் சுருட்டை முடியெல்லாம் எங்கேடா போயிற்று? கேமராவைத் தூக்கினாய். நான் திரும்பிக்கொண்டேன்.

அம்மா கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் கேட்டாள். "அவன் வந்துட்டானா?" "வந்துட்டே இருக்கான்மா" என்றேன். உனக்கு நான் சொல்லவே இல்லை. நீ கேமராவோடு ஊர் ஊராகச் சுற்ற, ஐந்து வருடம் நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டேனே என்ற கோபம். அவள் மூச்சு நின்ற பிறகுதான் உனக்கு ஃபோன் செய்தேன், "ரொம்ப முடியல, உடனே வா" என்று.

நீ பிந்தி வரவில்லை.

உன் படங்கள் என் மேஜையில் இருக்கின்றன. ஜன்னலில் இருப்பது என் முகம்தான், எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கப் பார்க்க அம்மாவாகத்தான் இருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது உன்னைப் பார்த்து இல்லை.

அக்கா