இடுக்கி

செவ்வாய்க்கிழமை, இரவு

மாமாவின் வாய்ப்புண்ணுக்கு அவருடைய பல்செட்தான் காரணமாம். நேற்று வாலாஜாபாத் பல் டாக்டர் அதைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். உட்பக்கமெல்லாம் பாசி மாதிரி வழவழவென்று படிந்திருந்தது. கிருமி அதில்தான் வளர்கிறதாம். தினமும் சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, ராத்திரி தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து மாமாவுக்கு வலது கை வராது. அவர் பிள்ளைக்கு நைட் ஷிப்ட். மருமகள் நான்தான் செய்தாக வேண்டும்.

நேற்று சாயங்காலம் கிண்ணத்தில் அதைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிவிட்டது. அடுப்பங்கரை இடுக்கியால் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். நிமிர்ந்தால் மாமா வாசற்படியில் நிற்கிறார். இடுக்கியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தினமும் மாட்டுக்கொட்டாயில் சாணியை வெறுங்கையால்தான் அள்ளுகிறேன். அப்போதெல்லாம் வராத குமட்டல் நேற்று எங்கிருந்து வந்தது? த்தூ, என்ன ஜென்மம் நான்.

இன்று எப்படியும் கையாலேயே கழுவிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மாமா காலை இழுத்து இழுத்து வந்து, கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்தார். பிறகு அடுப்பங்கரைக்குள் போனார். திரும்பி வரும்போது அவர் இடது கையில் இடுக்கி.

"இந்தாம்மா. எச்சில், அதப் போயி கையால இன்னாத்துக்குத் தொட்டுக்கினு?" என்றார். பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேண்டாம் மாமா என்று சொல்லியிருக்கலாம். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.