மாடியில் மூன்று பூனை

மார்ச் 3, செவ்வாய்

மருமகளின் அலுவலகத்துக்கு நான் எழுதும் கணினிப் பாதுகாப்பு விதிகளில் தரவு நகல் பகுதியை இன்று முடித்தேன். பழைய ஆவணத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'நகல்கள் முறையாக எடுக்கப்படும்.' யார் எடுப்பார்? எப்போது? கணினி பழுதானால் எடுத்த நகல் திரும்பி வருமா? ஒன்றும் இல்லை. 'மாணவர்கள் நன்றாகப் படிப்பார்கள்' என்று பாடத்திட்டத்தில் எழுதி வைப்பதுபோல. கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எல்லாப் பூட்டும் அவர் கையில் இருப்பதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சாவி' என்றே பெயர்.

தணிக்கைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. எழுத வந்த ஆலோசகர் பாதியில் நழுவியதால், பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற என்னை மருமகள் கேட்டாள். "அத்தை, நீங்க எழுதினா மனுஷங்களுக்குப் புரியும்." அவளிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை! மறுக்கத் தோன்றவில்லை.

மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தருவது அவள் தொழில். இப்போது ஒரு பெரிய மருத்துவமனை வருகிறது. கணினிப் பாதுகாப்புத் தணிக்கையில் தேறினால்தான் ஒப்பந்தம். இல்லாவிட்டால் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இதை மகன்தான் சொன்னான். அவள் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

மருத்துவமனை அதிகாரி தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். மாதிரிக்கு அனுப்பிய கடவுச்சொல் ஆவணத்தைப் படித்தாராம். "டீச்சர், இவ்வளவு தெளிவா யாரும் எழுதினதில்ல. எங்க ஆளுங்களுக்கும் அனுப்பிட்டேன்."

அந்த உதாரணம்தான் அவருக்கு ரொம்பப் பிடித்ததாம். 'பிறந்த தேதி வேண்டாம், பிள்ளை பெயர் வேண்டாம். ஒரு வேடிக்கையான வாக்கியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டு: மாடியில் மூன்று பூனை, ஒன்றுக்கு வால் இல்லை. இதை ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் யாராலும் ஊகிக்க முடியாது.'

இரவுச் சாப்பாட்டின்போது மகனிடம் இதை இரண்டு முறை சொன்னேன் போலிருக்கிறது. "முதல் தடவையே கேட்டுதும்மா" என்றான்.

மார்ச் 9, திங்கள்

வேலை, வேலை. கழுத்து வலி.

மார்ச் 12, வியாழன்

இதை எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சம்பளக் கோப்பைத் திறக்கும் முறையை எழுதுவதற்காகக் கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதை அடித்தாலும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிப்பது அவர் வழக்கம். கடவுச்சொல் கேட்டது. அவர் முணுமுணுத்தார்: "மாடியில் மூன்று பூனை..."

"என்ன சொன்னீங்க?"

"பாஸ்வேர்டு டீச்சர். ஐயோ, வெளியில சொல்லக்கூடாதில்ல?"

"அது நான் உதாரணத்துக்குக் கொடுத்தது!"

"ஆமா. நல்ல பாஸ்வேர்டுன்னு நீங்களே போட்டிருந்தீங்க. அதைவிட நல்லதா எனக்கு என்ன தோணப்போகுது?"

பின்னால் வரவேற்பாளர் களுக்கென்று சிரித்தாள். "எனக்கும் அதே பூனைதான் டீச்சர்."

மாதிரிக் கட்டுரை கொடுத்தால் வகுப்பே அந்தக் கட்டுரையைத்தான் எழுதிக் கொடுக்கும். இது தெரியாதவளா நான்? எத்தனை பிள்ளைகளை இதற்காகத் திட்டியிருக்கிறேன்! அதுவும் போகட்டும். அந்த ஆவணம் மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. அங்கே எத்தனை பேர் படித்தார்களோ. ஊரார் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டு எவ்வளவு கெட்டி என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியாள் யாராவது கணினிக்குள் நுழைந்தார்களா என்று பார்க்கச் சாவிக்கு நாளை வரை அவகாசம் வேண்டுமாம்.

காரில் மருமகளிடம் சொன்னேன். ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"எல்லாரையும் மாத்தச் சொல்லிடலாம். சாவிகிட்ட சொல்லி அந்தப் பூனையையே தடை பண்ணிடலாம். அதோட முடிஞ்சுது."

"சம்பவப் பதிவேட்டில எழுதணுமேம்மா. தப்பு எது நடந்தாலும் தெரிஞ்ச அன்னிக்கே எழுதணும்னு நான்தானே விதி போட்டேன்? மருத்துவமனைக்கும் சொல்லணும்."

"முதல் பக்கத்துலயே ஆடிட்டர் இதைத்தான் பார்க்கணுமா? ஆறு பேரோட பொழப்பு அத்தை. ஆடிட் முடியட்டும். அது என் ஆபீஸ், உங்க கிளாஸ் இல்ல."

வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாள். சரி, அந்தப் பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தது யார்? நான்தானே. உண்மையை எழுதினால் நல்லவள் என்ற பெயர் எனக்கு, வேலை போவது அவர்களுக்கு — இது என்ன நியாயம்? எழுதாவிட்டாலோ, நான் எழுதிய அத்தனை பக்கமும் வெறும் காகிதம்.

இன்று பதிவேட்டில் எழுதவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை என்று காலையிலேயே சாவி சொல்லிவிட்டார். மூச்சு வந்தது.

யார் யாரிடம் பூனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவர் கணக்கிலும் அடித்துப் பார்த்துவிடலாம் என்றார். பிறர் கணக்கில் நுழையக் கூடாது என்பது பக்கம் நான்கில் நான் எழுதிய விதி. எனவே வகுப்பு முறையையே எடுத்தேன். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தேன்.

"கண்ணை மூடிக்கோங்க. யாரும் யாரையும் பார்க்க வேணாம். பூனை வச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க. திட்ட மாட்டேன்."

ஒன்று, இரண்டு, அப்புறம் மளமளவென்று. சாவியின் கைகூட! வேலியே பயிரை மேய்ந்த கதை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். கடைசியில், கண்ணாடிக் கதவருகே, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்த என் மருமகள். அவள் கை தோள்வரை எழுந்தது. நின்றது. பிறகு முழுக்க எழுந்தது.

"கையை இறக்குங்க. இப்ப கண்ணைத் திறக்கலாம்" என்றேன்.

மதியம் என் மேசைக்கு வந்தாள்.

"பார்த்துட்டீங்களா?"

"கண்ணை மூடச் சொன்னது உங்களைத்தானே. என்னை இல்லையே."

மேசையின் விளிம்பைத் தடவினாள். "எழுதுங்க அத்தை. எனக்கும் சேர்த்து எழுதுங்க."

எழுதினேன். காரணம் என்ற இடத்தில்: 'ஆவண ஆசிரியர் தந்த எடுத்துக்காட்டு.' எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றவைத்துவிட்டு, மருத்துவமனைக்கு அவளே போன் செய்தாள். கண்ணை மூடிக் கை தூக்கிய கதையைக்கூட ஒளிக்கவில்லை. அதிகாரி கேட்டுவிட்டு, "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாராம். அவ்வளவுதான்.

மார்ச் 15, ஞாயிறு

மருத்துவமனையிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஒப்பந்தம் போய்விடுமோ என்ற கவலையில் மருமகள் முகம் கொடுப்பதில்லை; மகன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போகிறான். "நாளைக்கும் ரெண்டு பேரும் ஒரே கார்லதான் போறீங்களா? நான் வேணா பஸ்ஸுக்குக் காசு தரேன்." யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 18, புதன்

தணிக்கை. வந்தவர் சின்னப் பெண். மெல்லிய குரல், ஊசி போன்ற கேள்விகள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சம்பவப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டாள். படித்தாள். உதட்டோரம் எதுவோ வந்து மறைந்தது.

"பன்னிரண்டாம் தேதி தெரிஞ்சிருக்கு. பதிமூணாம் தேதி எழுதியிருக்கீங்க. அன்னிக்கே எழுதணும்னு உங்க விதியே சொல்லுது. ஏன் தாமதம்?"

அந்த ஒரு நாளை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றாள் மருமகள்.

"இல்லைங்க, எழுத வேண்டிய பொறுப்பு என்னோடது" என்றேன் நான்.

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தர் பேரைச் சொன்னா போதும்" என்றாள். பிறகு தானே 'நிர்வாகம்' என்று எழுதிக்கொண்டாள்.

முடிவு: தேர்ச்சி. ஒரு குறை — பதிவில் தாமதம். வீட்டுக்கு வரும்போது காரில் பாட்டு வைத்தாள். ஆனால் ஒப்பந்தம்? கையெழுத்துப் போட வேண்டியது மருத்துவமனையல்லவா? பூனையை அவர்கள் வாசலுக்கு அனுப்பியவர்களே நாங்கள்தான்.

மார்ச் 23, திங்கள்

மருத்துவமனையிலிருந்து இன்னும் பதில் இல்லை. சாவி வேறு வேலை தேடுகிறார் என்று வரவேற்பாளர் காதைக் கடித்தாள்.

மார்ச் 26, வியாழன்

மருமகள் கைப்பேசியை என் மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். மருத்துவமனை அதிகாரி.

"டீச்சர், உங்க பூனை எங்க வீட்டுக்கும் வந்துடுச்சு."

எனக்குப் புரியவில்லை.

"உங்க கண்ணை மூடற வித்தையை நாங்களும் பண்ணிப் பார்த்தோம். பில் போடற இடத்துல பாதிப் பேர். மருந்துக் கிடங்குல ரெண்டு பேர். அப்புறம்..." இருமினார். "நானும்தான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

"நீங்க போன் பண்ணலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. எல்லாத்தையும் மாத்தி, சோதிச்சு முடிக்கத்தான் இத்தனை நாள். தப்பு நடந்தா சொல்றவங்கதான் எங்களுக்கு வேணும். ஒப்பந்தத்தை அனுப்பறேன். ஆனா டீச்சர், உதாரணம் மட்டும் வேணாம்!"

ஏப்ரல் 2, வியாழன்

திருத்திய ஆவணம் சுற்றுக்குப் போனது. எடுத்துக்காட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு புள்ளிக்கோடு மட்டும். மொட்டையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

கணக்காளர் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தேன். மருத்துவமனையின் முதல் சம்பளக் கோப்பு. கடவுச்சொல் கேட்டது. அடித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.