எக்ஸ் இல்லாத அட்டை

அன்புள்ள பேத்திக்கு,

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நாலு பேர். மேலாளர், பாலம் கட்டும் இன்ஜினியர், அட்டையில் துளை போடும் நான், நான் போட்டதைச் சரிபார்க்கும் உன் தாத்தா. அப்போது எனக்கு அவர் யாரோ.

பழைய கணினி மொழிகள் எது எதற்கு என்று கேட்டிருந்தாய். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவளிடம் கேட்கிறாயே, கண்ணு! எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தாளில் இருப்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்து அட்டையில் அடிப்பேன். அந்தத் துளைகளை இயந்திரம் படிக்கும். கோபோல், கிடங்குச் சரக்குக்கும் சம்பளப் பட்டியலுக்கும். மனு எழுதுகிற மாதிரி வளவளவென்று போகும், விரல் ஒடிந்துவிடும். ஃபோர்ட்ரான், பாலம், அணை மாதிரிப் பெரிய கணக்குக்கு. பேச்சே கிடையாது, முசுடு. பேசிக், படிக்கிற பிள்ளைகளுக்கு. உன் அம்மா பள்ளியில் படித்தாள். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போடுவாள். ஏண்டி நடுவுல விடுறே என்றேன். மறந்துபோனதை அப்புறம் நுழைக்க இடம் வேணும்மா என்றாள். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஃபோர்ட்ரானில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஐ முதல் என் வரை உள்ள ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் தொடங்கினால் அதில் முழு எண்தான் நிற்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது உதிர்ந்துவிடும். இன்ஜினியர் பாலத்தின் பாரத்துக்கு எல் என்று தொடங்கும் பெயர் வைத்தார். முன்னால் ஓர் எக்ஸ் சேர்த்திருந்தால் தப்பித்திருப்பார். சேர்க்கவில்லை, கணக்கு பிசகியது. பிறகு தாளில் எக்ஸைச் செருகிக்கொண்டு வந்து, இந்தப் பொண்ணு அதை முழுங்கிட்டா சார் என்றார்.

பதினேழாவது வரி. இன்றும் கண்ணில் நிற்கிறது. நான் அடித்தபோது தாளில் எக்ஸ் இல்லை. மேலாளர் உன் தாத்தாவிடம், நீ பாத்தியாப்பா என்றார். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அன்றோடு என் வேலை போயிற்று. எட்டாம் நாள் உன் தாத்தா வீடு தேடி வந்து, அதுல எக்ஸ் இல்லைங்க, நானும் பாத்தேன் என்று அழுதார். என் வீட்டுச் சுவருக்கா அது தெரிய வேண்டும்?

நல்ல மனிதர்தான். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம் எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைத்தார். கடைசிக் காய்ச்சலிலும் நீ சாப்பிட்டியா என்றுதான் கேட்டார். இன்றைக்கும் அவர் படத்தைத் துடைத்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

உன் கடிதத்தின் கடைசியில் ஓரமாக எழுதியிருந்தாய். பழைய நிரலை மாற்றியதில் வந்த பிழைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்மேல் பழி விழுந்துவிட்டது, அவள் செய்யவில்லை என்று உனக்குத் தெரியும், மாதக் கடைசியில் விசாரணை, வாயைத் திறந்தால் உன் வேலைக்கே ஆபத்து என்று. பயப்படுவது தப்பில்லை. உன் தாத்தாவுக்கும் அன்று கரையேற்ற மூன்று தங்கைகள் இருந்தார்கள்.

உனக்கு நடுவில் இன்னும் இடம் இருக்கிறது, கண்ணு. அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லாதே, அந்த அறையிலேயே சொல். வேலை போனால் இங்கே வா, உனக்கு ஒரு தட்டு எப்போதும் உண்டு. நீ நல்லா இருக்கணும்.

மேலாளருக்கு விஷயம் தெரியாது. இன்ஜினியரை எப்போதோ தலைமுழுகிவிட்டேன். நான் மன்னிக்காதவர் ஒருத்தர்தான். உன் தாத்தா.

இப்படிக்கு,
பாட்டி